பதினைந்து நாள் பிரெஞ்சு லீவு

1

இங்கிலாந்தின் வடக்கே, பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போகாத ஓர் ஊரில், பத்தொன்பது வருடங்களாக என் பெயர் கேலி. பெற்றோர் வைத்தது கலியபெருமாள். பிரெஞ்சுப் பதிவேட்டில் யாரோ ஒரு குமாஸ்தா அதில் தேவைக்கு மேல் எழுத்துகளைச் சேர்த்துவிட, ஆங்கில நாக்கு எதுவும் ஏறிக் கடக்க முடியாத மேடாக அது ஆகிவிட்டது. அலுவலகத்தில் முதல் நாளே பின்பாதியைக் கழற்றிவிட்டார்கள். மிச்சத்தையும் 'கேலி' என்றார்கள். அதற்குத் தமிழில் என்ன பொருள் என்று இதுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை. பொருத்தமாக இருப்பதால் மாற்றச் சொல்லவும் இல்லை.

நகராட்சியில் வேலை. கண்ட இடத்தில் காரை நிறுத்தி அபராதச் சீட்டு வாங்கியவர்கள், 'என் மேல் தப்பே இல்லை' என்று கடிதம் எழுதுவார்கள். 'உங்கள் மேல்தான் தப்பு' என்று மரியாதையாகப் பதில் எழுதுவது என் பிழைப்பு.

போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் பிரிவின் தலைவி பார்பரா ஓய்வு பெறுகிறார், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு கேக், கேலி நான்கு வார்த்தை பேசுவார். ஏன் நான் என்று கேட்டதற்கு, உனக்கு 'கிஃப்ட் ஆஃப் த கேப்' இருக்கிறது என்றார்கள். நம் ஊரில் வாயாடி என்று இரண்டு நொடியில் முடித்துவிடுவதை இவர்கள் பரிசு கொடுப்பதுபோல் சொல்கிறார்கள்.

ஒப்புக்கொண்டேன். வாயாடி என்பதால் மட்டும் அல்ல. பார்பராவிடம் நான் சொல்லவேண்டிய ஒரு விஷயம் ஐந்து வருடமாகத் தொண்டையில் நிற்கிறது. வெள்ளிக்கிழமையை விட்டால் அவர் கடலோரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் அதைச் சொல்ல எனக்கு இடம் இல்லை.

2

என் ஆங்கிலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவரை 'சொல்தா' என்பார்கள். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கே சொல்தா வீடு என்றுதான் பெயர். என்னை பிரெஞ்சுப் பள்ளியில் போட்டார். ஆங்கிலம் அவருக்கு ஒரு மொழியாகவே படவில்லை, எதிரி முகாமின் சங்கேத பாஷை. யாராவது விருந்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினால், "ஃபிலே ஆ லாங்ளேஸ்!" என்று வாசலைப் பார்த்து முழங்குவார். இங்கிலீஷ்காரனைப் போல நழுவிவிட்டான் என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்களாம்.

ஆகவே ஆங்கிலத்தை நான் திருட்டுத்தனமாகக் கற்றேன். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய புத்தகக் குவியலில் கிடைத்த ஒரு சிறு நூல். ஆங்கில மரபுத்தொடர்களும் அவற்றின் பொருளும், அகர வரிசையில். நடுவில் ஒரு கொத்துத் தாள் உதிர்ந்திருந்ததால் அது 'டி'யிலிருந்து நேராக 'ஹெச்'சுக்குத் தாவும். அதனால் என்ன பெரிய நஷ்டம் என்று அப்போது நினைத்தேன்.

அதை மனப்பாடம் செய்துகொண்டு இந்த நாட்டுக்கு வந்து இறங்கினால், புத்தகத்தில் இருந்ததை எவரும் பேசவில்லை. மழை பெய்தால் பூனையும் நாயும் விழும் என்று படித்திருந்தேன். இங்கே வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை. ஒருவரும் பூனை என்று வாய் திறப்பதில்லை. கூரையே பிய்த்துக்கொண்டு ஊற்றும்போதும், 'கொஞ்சம் ஈரமாக இருக்கிறது, இல்லையா' என்பதோடு சரி. புத்தகத்தில் இல்லாததை எல்லாம் பேசினார்கள். ஒருநாள் சக ஊழியர் ஒருவர் 'அண்டர் த வெதர்' ஆக இருப்பதாகச் சொன்னபோது என் குடையை எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு ஜுரமாம்.

3

பார்பராவைப் பற்றி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லாரையும் 'லவ்' என்று அழைப்பார். பேருந்து ஓட்டுநர், மேயர், நான், யாராக இருந்தாலும். இதை என் மனைவி செல்வியிடம் விளக்க எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான் என்பதால், அவர் பேச்சை இங்கே நெல்லித்தோப்புத் தமிழில், 'நீ' போட்டே தருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாலை ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போய், "ஐ வில் கோ அண்ட் கம்" என்றேன். போயிட்டு வரேன். "போறேன்" என்று மொட்டையாகச் சொன்னால் எங்கள் வீட்டில் முதுகில் ஒன்று விழும். பார்பரா தலையாட்டினார். போய்விட்டேன்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"நேத்து எங்க போன?"

"வீட்டுக்கு, மேடம்."

"போயிட்டு வரேன்னியே?"

"வந்துட்டேனே, மேடம்."

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. முதல் நாள்காரனான என்னிடம் நுழைவு அட்டை இல்லை. கதவைப் பூட்டிவிட்டால் நான் வெளியே நிற்பேனே என்று ஏழு மணி வரை உட்கார்ந்திருக்கிறார். பேருந்து இரண்டு போய்விட்டது.

"அப்போ உங்க ஊர்ல எல்லாரும் திரும்பி வரேன்னு வாக்கு குடுத்துட்டுதான் கிளம்புவீங்களா?"

"வாக்கெல்லாம் இல்ல மேடம். சும்மா சொல்றது."

"சும்மா சொல்றதுக்கு நான் ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கேன், லவ்."

அதற்குப் பிறகு நான் அதை விட்டுவிட்டிருக்க வேண்டும். நாக்கு விடவில்லை. தினமும் ஐந்து மணிக்கு நான் "போயிட்டு வரேன்" என்பேன், அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் "காத்திருக்க மாட்டேன், லவ்" என்பார். பத்தொன்பது வருடம் இதுவே எங்கள் மாலை வணக்கம்.

4

இரண்டாம் வருடம். எங்கள் பிரிவில் டெரெக் என்று ஒருவர் இருந்தார். திங்கட்கிழமைகளில் அவர் நாற்காலி காலியாக இருக்கும். ஒரு திங்களன்று பார்பரா அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்: "டெரெக் மறுபடியும் ஃப்ரெஞ்ச் லீவ்."

என் காது நிமிர்ந்தது. டெரெக்கின் மனைவி பிரெஞ்சுக்காரியாக இருக்கலாம் என்று ஊகித்தேன். அதற்கே திங்கள்தோறும் விடுப்பு கிடைக்கிறது என்றால், அப்பா வழியில் பிரெஞ்சு பாஸ்போர்ட்டே வைத்திருக்கும் எனக்கு? நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நான் வளர்ந்த வீட்டில், பென்ஷன் நிற்காமல் இருக்க, தான் இன்னும் உயிரோடு இருப்பதாக அப்பா வருடாவருடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி பிரான்சுக்கு அனுப்புவார். உயிரோடு இருப்பதற்கே படிவம் வைத்திருக்கும் தேசம், தன் குடிமக்களுக்குத் தனி விடுப்பு வாங்கித் தந்திருக்காதா?

அந்தக் குளிர்காலத்தில் நெல்லித்தோப்பிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"கலியா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். உன்னதான் கேக்குறாரு. எப்ப வர?"

அந்த ஆண்டின் விடுப்பெல்லாம் தீர்ந்திருந்தது. பார்பரா அன்று சீக்கிரம் போய்விட்டிருந்தார். விடுப்புப் படிவத்தை எடுத்தேன். விடுப்பின் வகை: ஃப்ரெஞ்ச் லீவ். நாட்கள்: பதினைந்து. காரணம்: அப்பா ஆஸ்பத்திரியில். இணைப்பு: பிரெஞ்சு பாஸ்போர்ட்டின் நகல், ஒன்று. பின் போட்டு அவர் மேஜையில் வைத்துவிட்டு விமானம் ஏறினேன்.

அப்பா கட்டிலில் பாதியாக இருந்தார். குரல் மட்டும் பாக்கி.

"எத்தினி நாள் லீவு?"

"பதினைஞ்சு நாள்ப்பா. பிரெஞ்சு லீவு."

"அது இன்னாடா?"

"பிரெஞ்சு பாஸ்போர்ட்டு வச்சிருக்கறவங்களுக்குன்னு தனியா குடுக்குறாங்கப்பா, அங்க."

தலையணையைத் தூக்கி வைக்கச் சொன்னார். ஊசி போட வந்த நர்ஸிடம் ஆரம்பித்தார்.

"எம்புள்ள பிரெஞ்சு லீவுல வந்துருக்கான், தெரியுமா? இங்கிலீஷ்காரன் குடுத்துருக்கான்!"

"அப்படியா தாத்தா? கைய நீட்டுங்க."

"நாப்பத்தஞ்சு வருசம் முன்னாடி நான் போட்ட கையெழுத்தும்மா. இங்கிலீஷ்காரன் ஊர்ல கூட செல்லுது பாரு."

பக்கத்துக் கட்டில்காரரிடம், அவரைப் பார்க்க வந்தவர்களிடம், பெருக்க வந்த அம்மாவிடம், எல்லாரிடமும் சொன்னார். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக்காரனாகவே இருப்பது என்று அவர் கையெழுத்துப் போட்டதை ஊரில் பாதிப் பேர் வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்திருக்கிறார்கள். அத்தனைக்கும் பதிலாக என் பதினைந்து நாளை அவர் காட்டினார். பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார். முந்தின நாள் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம், "பாஸ்போர்ட்ட பத்திரமா வச்சிக்கடா."

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அன்று நெல்லித்தோப்பே இங்கிலீஷ்காரனைப் போல நழுவியது. வாசலைப் பார்த்து முழங்கத்தான் ஆள் இல்லை.

திரும்பி வந்தபோது பார்பரா தேநீர் கொண்டுவந்து வைத்தார். தோளைத் தொட்டு, வருந்துவதாகச் சொன்னார். படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதினைந்து நாளுக்கும் சம்பளம் வந்திருந்தது. செல்லுது பாரு, என்று எனக்கும் தோன்றியது.

5

பன்னிரண்டு வருடம் கழித்து இந்த நாடு ஐரோப்பாவிலிருந்து பிரிந்தது. எங்களைப் போன்றவர்கள் இங்கே தொடர்ந்து இருக்க விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். கைபேசி என் முகத்தையும் பாஸ்போர்ட்டில் உள்ள முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இருவரும் வேறு வேறு ஆட்கள் என்றது. நான்காம் முறை மனம் இரங்கியது. எல்லாம் முடிந்த பிறகும் ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தது. பார்பராவின் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"மேடம், இனிமே எனக்கு ஃப்ரெஞ்ச் லீவ் உண்டா?"

பார்பரா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பழுப்பேறிய விடுப்புப் படிவம். கூடவே பின் போட்ட பாஸ்போர்ட் நகல். அதில் என் முகம் உண்மையிலேயே வேறு ஆளுடையதுதான்.

"உக்காரு லவ். இத உங்கிட்ட எப்படி சொல்றதுன்னு பன்னெண்டு வருசமா யோசிக்கிறேன்."

சொன்னார். ஃப்ரெஞ்ச் லீவ் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டுவது. பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் செய்வார்களாம், ஆங்கிலேயர் சொல்கிறார்கள். அப்பாவின் 'ஃபிலே ஆ லாங்ளேஸ்' என் காதில் முழங்கியது. இரண்டு தேசங்களும் ஒரே குற்றத்தை ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொண்டிருக்க, ஒருவனின் பாஸ்போர்ட்டோடு மற்றவன் ஊரில் குடியிருந்த நான், அந்தக் குற்றத்துக்கு எழுத்துப்பூர்வமாக அனுமதி கேட்டிருக்கிறேன். நகல் இணைத்து.

"இத மேல அனுப்பியிருந்தா?" என்றேன்.

"பாதிப் பேரு திமிருன்னு நெனச்சிருப்பாங்க. மீதிப் பேரு நீ ரிட்டயர் ஆவுற வரைக்கும் சிரிச்சிருப்பாங்க. அதான், குடும்ப அவசரம்னு நானே வேற ஒண்ண நிரப்பி அனுப்பிட்டேன்."

"யாருக்கும் தெரியாதா?"

"உனக்கே தெரியாதே."

அப்போதே அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் சாகும்போது என்ன சந்தோஷத்தில் இருந்தார், அது யார் கொடுத்தது என்று. எனக்கோ காது வரைக்கும் வெட்கம். சிரித்து மழுப்பிவிட்டு ஓடி வந்துவிட்டேன். வீட்டில் அந்தச் சந்தைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 'டி'க்கு அப்புறம் 'ஹெச்'. உதிர்ந்த அந்தத் தாள்களில்தான் 'எஃப்' போயிருந்தது.

6

பேச்சு தயாரானது. பதினொரு மரபுத்தொடர் வைத்து எழுதினேன். விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வந்திருந்த மகள் நித்யா வாசித்துப் பார்த்தாள். இந்த ஊரில் பிறந்தவள். அவள் தமிழ் ஆங்கிலத்தின் நிழல், என் ஆங்கிலம் தமிழின் நிழல். இரண்டு நிழலும் சாப்பாட்டு மேஜையில் சந்தித்துக்கொள்ளும்.

"அப்பா, இதெல்லாம் யாருமே சொல்ல மாட்டாங்க."

"புத்தகத்துல இருக்குடி."

"அந்த புக்க மியூசியத்துல வைக்கணும். கூட உன்னையும்."

வரிசையாக அடித்தாள். பதினொன்றும் போயின. மிஞ்சியது அப்பாவின் கதை மட்டும். அதைப் படித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"தாத்தா நெஜமாவே எல்லார்ட்டயும் சொன்னாரா?"

"பெருக்க வந்த அம்மாகிட்ட கூட."

"இத மட்டும் சொல்லுப்பா. வேற எதுவும் வேணாம்."

செல்வி அரியாங்குப்பத்துக்காரி, சபை நாகரிகம் தெரிந்தவள். "ஏங்க, நாப்பது பேரு முன்னாடி பாஸ்போர்ட்டு ஜெராக்ஸ் கதைய சொல்லப் போறீங்களா? மானம் போயிடும். நல்லா இருங்க, நன்றின்னு சொல்லிட்டு கேக்க தின்னுட்டு வாங்க."

"மானம் போனாத்தான் நன்றி சொன்ன மாதிரி இருக்கும், செல்வி."

"அது சரி. இருக்கறவங்கதான் போறதப்பத்தி கவலப்படணும்."

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது நித்யா மாடியிலிருந்து உற்சாகமாகக் கத்தினாள்:

"அப்பா! நல்லா காலை உடைச்சிக்கோ!"

சமையலறையில் கரண்டி விழுந்தது. "அடிப் பாவி! வெளிய கிளம்பற மனுசன இன்னா பேச்சு பேசற நீ?" மேடை ஏறுகிறவர்களை இங்கே இப்படித்தான் வாழ்த்துவார்கள், அதைத்தான் தமிழில் சொல்கிறாள் என்று நான் விளக்கிப் பார்த்தேன். செல்வி கேட்கவில்லை. என்னைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, மறுபடி அனுப்பினாள். பேருந்து போய்விட்டது.

7

மூன்று மணி. கேக் வெட்டினார்கள். மேலதிகாரி ஒருவர் பார்பராவின் பெயரைத் தாளில் பார்த்துப் படித்தார். ஒரு தொட்டிச் செடி பரிசு. பிறகு, "இப்போது கேலி" என்றார்கள்.

தாளைப் பிரித்துக்கொண்டு எழுந்தேன். முதல் வரிசையில் பார்பராவின் நாற்காலி காலி. கழிப்பறைக்குப் போயிருப்பார் என்று சிலர் சொன்னார்கள். தொட்டிச் செடியையுமா எடுத்துக்கொண்டு போவார்? எனக்குப் புரிந்துவிட்டது. நாற்பது பேரையும், தாளையும், கிஃப்ட் ஆஃப் த கேப்பையும் விட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினேன். கடைசிப் படியில் கால் மடங்கியது. மகளின் வாழ்த்து முக்கால்வாசி பலித்தது.

எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தத்தில், மடியில் செடியோடு உட்கார்ந்திருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டியா? எனக்கு இந்த பேச்சு, கண்ணீரு இதெல்லாம் ஆவாது, லவ்."

"மேடம், எங்க ஊர்ல சாவு வீட்லேர்ந்துதான் இப்படி சொல்லாம போவாங்க. நீங்க இன்னும் சாவல."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பார்பரா செடி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி, தலையணை, நர்ஸ், பக்கத்துக் கட்டில், இங்கிலீஷ்காரன் குடுத்துருக்கான், செல்லுது பாரு. மரபுத்தொடர் ஒன்றும் இல்லை. இலக்கணமும் அதிகம் இல்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு சொன்னேன்.

"நீங்க அன்னிக்கே அது தப்புன்னு எனக்கு போன் பண்ணியிருந்தா, அவர்கிட்ட நான் சொல்லியிருக்க வேண்டி வந்திருக்கும், மேடம். அவரு தெரியாமயே போயிட்டாரு."

பார்பரா செடியைத் தன் பக்கம் திருப்பினார். ஓர் இலையில் ஏதோ தூசியைத் துடைத்தார்.

"போன் பண்ணத்தான் எடுத்தேன், லவ்," என்றார். "ரெண்டு தடவ. அப்புறம், அப்பாகூட இருக்கான், இருக்கட்டும்னு வச்சிட்டேன்."

பேருந்து வந்தது. கதவு திறந்தது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஐ வில் கோ அண்ட் கம்," என்றார்.

என் முறை. பத்தொன்பது வருடம் கேட்டதை நான் திருப்பிச் சொல்லவேண்டிய இடம். "காத்திருக்க மாட்டேன்," என்றேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மேலே போனேன். கேக் தீர்ந்திருந்தது. ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். வெளியே கோடைக்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. வண்டியை நடைபாதையில் ஏற்றி நிறுத்திய ஒருவரின் கடிதத்துக்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். தன் மேல் தப்பில்லை என்று எழுதியிருந்தார். நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

பூட்ட வந்த காவலாளி எட்டிப் பார்த்தார். "யாருக்காகவாவது காத்திருக்கீங்களா?"

"இல்லை, சும்மா," என்றேன்.

மணி ஏழு.